மர்பி டவுன் மாவு வண்டிகளும் வில்சன் கார்டன் ஸ்டிக்கர் கடையும்

2022 அக்டோபரில் மாவு கொண்டுபோகும் எங்கள் மாருதி ஈகோ வண்டியின் பழைய விளம்பர ஸ்டிக்கரை உரித்தபோது, கதவின் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டம் தெரிந்தது. முடி கனத்தில், பழுப்பு நிறத்தில், துருவால் ஆன வட்டம். அந்த இடத்தில்தான் இட்லித் தட்டுப் படம் ஒட்டியிருந்தது. முதலில் ஒட்டிக்கொடுத்த கடைக்காரர் கதவின் மேலேயே பிளேடை வைத்துப் படத்தைச் சுற்றி வெட்டியிருக்கிறார். பிளேடு பெயிண்டைத் தாண்டித் தகடு வரை இறங்கிவிட்டது. அதன் பிறகு எத்தனை மழை அந்தக் கீறலுக்குள் போய் உட்கார்ந்ததோ. கைப்பிடியைச் சுற்றியும் அதே கோடு, ஜன்னல் ரப்பர் ஓரத்திலும் அதே கோடு. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று அந்த ஒரு வண்டிக்கு மட்டும் 9,500 ரூபாய் போனது. வண்டி அப்போது மூன்று வயதுகூட நிரம்பாதது. கடன் தவணை ஓடிக்கொண்டிருந்த வண்டி. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பழைய ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்தவர்தான் இந்த விமர்சனத்துக்கு உரியவர். பெங்களூர் லால்பாக் ரோட்டிலிருந்து வில்சன் கார்டன் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் கடை வைத்திருக்கிறார். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இப்போது கையில் இருக்கும் வண்டிகளுக்கே ஆள் போதவில்லை, கூட்டம் வந்தால் வேலை கெட்டுப்போகும் என்கிறார். அவர் சொல்வது எனக்கு நியாயமாகப் பட்டதால் எழுதவில்லை. எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோலார் தங்கவயல்காரர். இன்றும் மாரிகுப்பம் ரயிலில்தான் வந்து போகிறார். அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடியபோது இவர் பெங்களூரில் கையால் போர்டு எழுதிக்கொண்டிருந்தாராம். பிரஷ் போய் வினைல் ஸ்டிக்கர் வந்ததும் அதற்கு மாறிக்கொண்டார்.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். மர்பி டவுனில் மாவு அரைத்துக் கொடுக்கிறோம். இட்லி மாவு, அடை மாவு, ராகி மாவு. ஹோட்டல், ஹாஸ்டல், மளிகைக் கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று விடியற்காலை 4 மணிக்கு 7 வண்டிகள் கிளம்பும். 5 டாடா ஏஸ், 2 ஈகோ கார்கோ. ஹலசூரு, இந்திராநகர், தொம்மலூர், மாரத்தஹள்ளி, கோரமங்களா, சில்க் போர்டு. நாங்கள் பேப்பரில் விளம்பரம் கொடுத்ததில்லை, ஹோர்டிங் வைத்ததில்லை. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்கிறவர் கண்ணில் படும் அந்தப் பின்கதவுதான் எங்கள் விளம்பரம். புதிதாகப் போன் செய்கிறவரிடம் எங்கே பார்த்தீர்கள் என்று என் மகள் கேட்டு எழுதிவைப்பாள். "வண்டியில பார்த்தேன்" என்பதுதான் அதிகம் வரும் பதில். அதே வண்டியில் ஸ்டிக்கர் கிழிந்து தொங்கினால் பார்க்கிறவர் மாவைப் பற்றி என்ன நினைப்பார்? வண்டியையே துடைத்து வைக்காதவர்கள் கிரைண்டரை எப்படிக் கழுவுவார்கள் என்று நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

2021-ல் எல்லா வண்டிக்கும் ஒரே கடையில் ஒட்டினோம். அந்தக் கடை எது என்பது இங்கே வேண்டாம். வண்டிக்கு 6,800 ரூபாய், அஞ்சு வருஷம் அசையாது என்று வாயால் சொன்னார்கள். எதையும் எழுதி வாங்கவில்லை, அது என் தவறு. பதினான்கு மாதத்தில் ஏஸ் கன்டெய்னரின் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் சின்னக் குமிழ் எழும்பியது. தகட்டின் வரிப்பள்ளங்களில் ஸ்டிக்கர் ஷீட் உள்ளே ஒட்டாமல் கூடாரம் மாதிரி நின்றது. ஓரமெல்லாம் சுருங்கி, சுற்றிலும் அரை விரல் அகலத்துக்குக் கறுப்புப் பசை தெரிந்தது. அதில் தூசி ஏறி ஒவ்வொரு படத்துக்கும் துக்கச் செய்தி அட்டை போலக் கறுப்புக் கரை. சட்னிக்குப் போட்டிருந்த சிவப்பு, வெளிறிய ரோஸ் ஆகிவிட்டது. பெயரின் நீலம் மட்டும் புதிதாக இருந்தது.

மாஸ்டரிடம் முதல் முறை வண்டியைக் காட்டியபோது அவர் புது ஸ்டிக்கர் பற்றிப் பேசவே இல்லை. ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்லத் தள்ளினார். கிழிந்த துண்டு ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். "தடியா இருக்குதே, இது கேலண்டர் ஷீட்மா. காஸ்ட்னு சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

இந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேலண்டர்டு ஷீட் என்பது பிவிசி பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, சப்பாத்தி மாவைத் தேய்ப்பது போல உருளைகளுக்கு நடுவில் அழுத்தி இழுத்துச் செய்வது. இழுத்துச் செய்ததால் தன் பழைய அளவுக்குத் திரும்பவே பார்க்கும். வெயில் படப்பட ஓரம் சுருங்குவது அதனால்தான். கனம் 80 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். காஸ்ட் ஷீட்டோ ஆப்பம் மாதிரி. திரவமாக ஊற்றி, பரப்பி, அடுப்பில் காயவைத்து எடுப்பது. யாரும் இழுக்காததால் சுருங்கும் குணம் மிகக் குறைவு. கனம் 50 மைக்ரான் பக்கம். மெல்லியது என்பதால் ரிவெட்டின் மேலும் பள்ளத்துக்குள்ளும் தோல் போலப் படியும். தட்டையான போர்டுக்குக் கேலண்டர்டு போதும், அதில் பழுது ஒன்றும் இல்லை. ரிவெட்டும் வரிப்பள்ளமும் உள்ள வண்டிக்கு அதை ஒட்டிவிட்டு காஸ்ட் என்று சொன்னதுதான் அநியாயம். எது ஒட்டப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மாஸ்டர் சொன்ன எளிய வழி, ரோலின் பின்பக்கத் தாளைக் காட்டச் சொல்வது. 3எம், ஏவரி டென்னிசன் மாதிரி கம்பெனிகளின் ஷீட் என்றால் பெயர் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். உரித்த தாளைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது வாங்கிவைக்கிறேன், ஆபீஸ் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது.

மாஸ்டர் கடையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. புதிதாக ஒட்டுவது ஒன்று. ஒட்டியதைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. நான் அதிகம் சொல்ல விரும்புவது இரண்டாவதைப் பற்றித்தான். ஒட்டிக்கொடுக்கக் கலாசிபாளையத்திலும் ஜே.சி. ரோட்டிலும் எத்தனையோ கடை இருக்கிறது. ஒட்டிய பிறகு திரும்பிப் பார்க்கிறவர் யார்?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வண்டிகள் சப்ளை லைன் முடிந்து திரும்பியிருக்கும் மதிய நேரத்தில், அவரும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து வேலை கற்றுக்கொள்ளும் பையனும் எங்கள் இடத்துக்கே வருவார்கள். வண்டிக்கு 650 ரூபாய். ஏழு வண்டிக்கு 4,550. வருஷத்துக்கு நான்கு முறை, 18,200. முன்பு பதினான்கு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கிழித்து ஒட்டினால் 47,600 ஆகியிருக்கும். உரிக்கும் கூலி தனி, வண்டி நிற்கும் நாள் தனி.

வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு முறை சும்மா நடப்பார். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். நேராக அடித்தால் தெரியாத தூக்கல், சாய்வு வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். ஒவ்வொரு ஓரத்திலும் நகத்தை ஓட்டுவார். நகம் தட்டும் இடத்தில் சாக்பீஸால் சின்னப் புள்ளி. பின்கதவின் கீழ் ஓரம், பழைய டிசைனில் டீசல் மூடிக்குக் கீழே, சக்கர வளைவு, ஈகோவின் தள்ளுகதவுத் தண்டவாளம், இந்த நான்கு இடங்களில்தான் புள்ளி விழும். மேல்பாதியில் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

எழும்பிய ஓரத்தை அப்படியே அழுத்தி ஒட்டக் கூடாது என்பது எனக்குப் புதிய பாடம். எங்கள் டிரைவர்கள் ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தார்கள். பசையில் தூசி ஏறிய பிறகு அது மறுபடி பிடிக்காது. ஃபெவிக்விக் போட்டாலோ பிறகு உரிக்கும்போது பெயிண்டோடு வரும். மாஸ்டர், கெட்டுப்போன பகுதியை நல்ல ஷீட் இருக்கும் இடம் வரை வெட்டி எடுத்துவிடுவார். வெட்டும்போது முனையைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுவார். கூர்முனைதான் முதலில் எழும்புமாம். அடியில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகிக்கொண்டுதான் பிளேடு வைப்பார். துருவட்டம் கண்ட எனக்கு அந்தத் தகட்டைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. புதிதாக ஒட்டும்போது இன்னும் ஒரு படி மேல். நூல் உள்ளே வைத்த டேப் ஒன்றை முதலில் வண்டியில் ஓட்டி, மேலே ஷீட்டை ஒட்டி, பிறகு அந்த நூலைப் பிடித்து இழுப்பார். புடவை முந்தியில் நூல் இழுத்தது மாதிரி ஷீட் நேர்கோட்டில் பிரியும். பிளேடு வண்டியைத் தொடுவதே இல்லை.

வெட்டி எடுத்த இடத்தை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்து, காயவைத்து, அதே பிரிண்டில் துண்டு ஒட்டுவார். துண்டு எந்தப் பக்கம் எதன் மேல் ஏற வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது போல, மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் வர வேண்டும். முன்பக்க ஷீட் பின்பக்க ஷீட்டின் மேல் வர வேண்டும். மழையும் எதிர்க்காற்றும் மூட்டுக்குள் நுழையாது. முதல் கடையில் எங்கள் ஏஸ் வண்டிகளுக்குப் பின்பக்க ஷீட் முன்பக்க ஷீட்டின் மேல் ஏறும்படி ஒட்டியிருந்தார்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு வருஷம் ஓடினால் காற்றே உரித்துவிடும்படி.

பள்ளத்திலும் ரிவெட்டிலும் ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் சூடாக்குவார். கையில் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். 100 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததா என்று ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்துப் பார்ப்பார். அந்தச் சூடு ஏறினால்தான் ஷீட் தன் பழைய வடிவத்தை மறந்து புது வடிவத்தில் நிற்குமாம். "மறக்கடிக்கணும்மா" என்றார். சூடு குறைந்தால் மறக்காது, ஆறு மாதத்தில் எழும்பும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேரம் எடுத்துக்கொள்ளாத கடைக்காரர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

டிரைவர்களுக்கு அவர் வண்டி கழுவக் கற்றுக்கொடுத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பணம் வாங்கவில்லை. முன்பு பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸில் வாரம் ஒரு முறை விடுவோம். அங்கே பையன் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நாலு விரல் தூரத்தில் சாய்த்துப் பிடித்து அடிப்பான். சேறு போகும், கூடவே ஸ்டிக்கரும் கிளம்பும். 3எம் தன் பராமரிப்புக் குறிப்பில் சொல்வது, அழுத்தம் 2,000 பி.எஸ்.ஐ-க்குக் கீழே, தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே, 40 டிகிரி விரியும் நாசில், குறைந்தது ஒரு அடி தூரம், நேராக 90 டிகிரியில். மாஸ்டர் இதை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு வண்டியின் சன்வைசரிலும் செருகிவைத்தார். ஓரத்தை நோக்கிச் சாய்த்து அடிக்கக் கூடாது என்பதைச் சிவப்பில் எழுதியிருந்தார்.

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்து, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது பெங்களூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்போதிருந்து நாங்கள் போர் தண்ணீரில் பக்கெட் வைத்துத்தான் கழுவுகிறோம். எங்கள் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். வெயிலில் அப்படியே காயவிட்டால் நீல எழுத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொரி பூத்தது மாதிரி உப்பு நிற்கும். நான் ஷீட்தான் வெளுத்துவிட்டது என்று பயந்தேன். மாஸ்டர் வினிகரில் தண்ணீர் கலந்து ஒரு துணியால் ஒற்றி எடுத்தார், நீலம் திரும்பி வந்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அதைவிட எளிது, கழுவியதும் நிழலில் வைத்து உடனே துடைத்துவிடுவது. இப்போது இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே, பழைய பருத்தி வேட்டித் துணி. துணி துவைக்கும் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் எங்கள் இடத்தில் தடை.

மாவுக்கு வருகிறேன். இது எங்கள் தொழிலுக்கே உள்ள தொல்லை. பக்கெட் இறக்கும்போது பின்கதவின் கீழ் ஓரத்தில் மாவு வழியும். லைன் முடிந்து 11 மணிக்கு வருவதற்குள் காய்ந்து சிமென்ட் ஆகியிருக்கும். டிரைவர்கள் ஸ்டீல் ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பிரிண்டின் மேல் லேமினேஷன் என்று கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. வெயிலையும் கீறலையும் தாங்குவது அதுதான். ஸ்க்ரப்பர் அதைக் கிழித்தால் அடியில் இருக்கும் மை வெயிலுக்கு நேராக நிற்கும். புளித்த மாவின் புளிப்புதான் ஷீட்டை அரிக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் இல்லை என்றார். கழுவும் திரவத்தின் பி.ஹெச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, 3-க்கும் 11-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்கிறது அந்த 3எம் குறிப்பு. புளித்த மாவு 4-க்கு மேலே நிற்கும். கெடுத்தது மாவு இல்லை, நாங்கள் தேய்த்த தேய்ப்பு. ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே ஒட்டிவைத்தால் காய்ந்த மாவு ஊறி, ஆடை மாதிரி மடிந்து வந்துவிடும். வீட்டில் மாவுப் பாத்திரத்தை ஊறவைத்துத்தானே கழுவுகிறோம், வண்டிக்கு மட்டும் ஏன் பொறுமை இல்லாமல் போனது என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

டீசலுக்கு அந்தப் பத்து நிமிஷம்கூடக் கொடுக்கக் கூடாது. மூடியிலிருந்து வழிந்தால் பங்கிலேயே துடைத்துவிட வேண்டும். டீசல் ஷீட்டையும் பசையையும் இளக்கிவிடும். எங்கள் ஏஸ் வண்டிகளில் டீசல் மூடிக்குக் கீழே ஒரு ஜாண் அகலத்துக்கு இப்போது ஸ்டிக்கரே இல்லை, வெறும் வெள்ளைப் பெயிண்ட். மாஸ்டர் டிசைனிலேயே அந்த இடத்தை விட்டுவிட்டார்.

டிசைன் விஷயத்தில் அவர் சொன்ன இன்னும் சிலவும் எனக்கு உபயோகப்பட்டன. கீழிருந்து ஒரு அடி உயரத்துக்குப் படம், எழுத்து எதுவும் வேண்டாம், ஒரே நிறப் பட்டை போதும் என்றார். கல்லும் சேறும் அடிபட்டு முதலில் கெடுவது அந்தப் பகுதி. பட்டையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. போன் நம்பரைத் தனித் துண்டாகப் போட்டார். போன வருஷம் நம்பர் மாற்றியபோது ஏழு வண்டிக்கும் சேர்த்து 1,400 ரூபாயில் முடிந்தது. சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டினார். இந்தப் பிரிண்ட் மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்குச் சீக்கிரம் போகும், சிவப்பு அந்த இரண்டும் சேர்ந்தது, அதனால் சட்னிதான் முதலில் வெளுக்கும். ஆசைக்கு ஒரு சின்னக் கிண்ணம் காரச் சட்னி மட்டும் வைத்துக்கொண்டேன். கூரையில் ஒட்டவே வேண்டாம் என்றார். நேர்வெயில் வாங்கும் இடத்தில் எந்த ஷீட்டுக்கும் ஆயுள் குறைவு, கம்பெனிகளே அதற்கு வாரண்டியைக் குறைத்துத்தான் கொடுக்கின்றன. ரிஃப்ளெக்டர் டேப்பின் மேல் ஒரு இழைகூட ஏறாமல் பார்த்துக்கொண்டார். முதல் கடை அதன் மேலேயே ஒட்டியிருந்ததால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போன ஒரு வண்டி திரும்பி வந்தது எங்களுக்கு மறக்காது.

ஆயுத பூஜை. இதை எழுதாமல் விட முடியாது. டிரைவர்களுக்கு வண்டிதான் சாமி. சந்தனம், மஞ்சள், குங்குமம் மூன்றையும் குழைத்து முன்னாலும் கதவிலும் வைப்பார்கள். வாழைக்கன்று கட்டுவார்கள், மாலையை செலோடேப் போட்டு ஒட்டுவார்கள். மஞ்சள் கறை சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடுகிறது. குங்குமத்தின் சாயம் போகாது. ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் இன்னும் பரவி ரோஸ் மேகமாக நின்றுவிடும். 2023-ல் வெள்ளைப் பின்னணியில் அப்படி மூன்று வண்டிகள் கெட்டன. நான் டிரைவர்களிடம் குங்குமம் வைக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்ல மனம் வரவில்லை. வருஷம் முழுக்க விடியற்காலையில் அவர்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த வண்டி.

மாஸ்டர் கேட்டார், "எங்க வைப்பாங்கம்மா? ஒரே இடத்துல வைப்பாங்களா?" அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின வாரம் வந்து, ஒவ்வொரு வண்டியிலும் பொட்டு வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி லேமினேஷன் துண்டை ஒட்டிக்கொடுத்தார். தள்ளி நின்றால் அது இருப்பதே தெரியாது. டிரைவர்கள் அதன் மேல் மனசாரப் பொட்டு வைத்தார்கள். தீபாவளி முடிந்து அந்த வட்டத்தை உரித்தோம், அடியில் ஷீட் புதிதாக இருந்தது. ஏழு துண்டுக்கும் சேர்த்து அவர் வாங்கியது 200 ரூபாய். வெட்டி வீணான துண்டில் செய்ததுதானே என்றார்.

குறைகளும் உண்டு. சந்து குறுகல், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நிற்கும். மழை நாளில் ஒட்டவே மாட்டார். வண்டியை முந்தின ராத்திரியே கொண்டுவந்து உள்ளே நிறுத்தச் சொல்வார், ரிவெட்டுக்கும் மூட்டுக்கும் உள்ளே இருக்கும் ஈரம் காய வேண்டும் என்று. பிரிண்ட் எடுத்த மறுநாள்தான் லேமினேஷன். மையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகி முடியாமல் மேலே மூடினால் பசை கெடும். ஒட்டிய பிறகு இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. ஆக, மூன்று நாள் என்று நினைத்துப் போனால் ஒரு வாரம் ஆகும். காரணம் எல்லாம் சரிதான். ஆனால் ஒரு வண்டி ஒரு வாரம் நின்றால் எனக்கு வாடகை வண்டிச் செலவு. இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லியிருக்கலாம். போனை எடுப்பது அபூர்வம், வாட்ஸ்அப்பில் போட்டால் ராத்திரி ரயிலில் போகும்போது பதில் வரும். ஒரு முறை பின்கதவின் பாதியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். புதிய நீலமும் இரண்டு வருஷம் வெயில் பார்த்த நீலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒட்டுப்போட்ட ஜாக்கெட் மாதிரி இருந்தது. பழைய ஃபைல், அதே ஷீட், இருந்தும் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டதும் மறு வார்த்தை பேசாமல் முழுக் கதவையும் மாற்றினார், ஷீட் விலை மட்டும் வாங்கிக்கொண்டு.

விலையும் குறைவில்லை. கேலண்டர்டு ஷீட்டும் லேமினேஷனும் சதுர அடிக்கு எனக்கு 55 ரூபாயில் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் காஸ்ட்டுக்கும் காஸ்ட் லேமினேஷனுக்கும் 190 வாங்கினார். ஏஸ் கன்டெய்னர் இரண்டு பக்கமும் பின்கதவும் சேர்ந்து 110 சதுர அடி என்றால் 20,900. ஒரேயடியாக ஏழுக்கும் என்னால் முடியவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. ஈகோவின் தட்டையான பின்பக்கத்தில் நல்ல கேலண்டர்டு ஷீட்டே போதும், காசை ஏஸில் போடுங்கள் என்று அவரே சொன்னார். இரண்டு வருஷத்தில் ஒன்றொன்றாக மாற்றினோம்.

பழையதை உரித்த நாளை நான் கூடவே இருந்து பார்த்தேன். வெயிலில் மொறுமொறுப்பாகிப்போன ஷீட், இழுத்தால் நக அளவுத் துண்டாக உடைந்து உடைந்து வரும். ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி, மடித்து, தாழ்ந்த கோணத்தில் இழுத்து, இரண்டு பேர் ஒன்றரை நாள் ஒரு வண்டியில் உட்கார்ந்தார்கள். பசையை எடுக்க இன்னும் அரை நாள். ஷீட் சாவதற்கு முன்பே உரித்தால் ஒரே பாளமாக வரும் என்றார்கள். அதனால் இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஒட்டிய தேதியை கதவின் உள்பக்கம் எழுதிவைத்திருக்கிறோம்.

2022 நவம்பரில் முதலில் மாற்றிய ஏஸ் வண்டி நேற்று மதியம் முற்றத்தில் நின்றது. எத்தனையோ முறை சில்க் போர்டு போய் வந்த வண்டி. மாஸ்டரைப் பார்த்துப் பழகியதில் நானும் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தை ஓரமாக ஓட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். இடது சக்கர வளைவில் ஒரு இடத்தில் மட்டும் தட்டியது. சாக்பீஸால் புள்ளி வைத்து, படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ராத்திரி எட்டரைக்குப் பதில் வந்தது: "வியாழக்கிழமை வரேன்மா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தண்ணி அடிக்க வேணாம்னு சொல்லிடுங்க."